கடனுக்கு முன்னால ஒரு கப்பம்

எங்க ஆளுங்களுக்குக் காசு கொடுக்காமல் எதுவும் கிடைத்ததில்லை. கிடைக்க வேண்டியது கைக்கு வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். எங்கள் காலனியில் இதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே கிடையாது. சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால் மனு எழுதுகிறவருக்கு ஒரு தொகை, அதை உள்ளே கொண்டு போகிறவருக்கு ஒரு தொகை. தொகுப்பு வீடு வந்தால் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் ஒரு தொகை. முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட ஒரு தொகை, அது வந்த பிறகு மாசாமாசம் கொண்டுவந்து கொடுக்கிறவருக்கு ஒரு தொகை. "துட்டு வெச்சாத்தான் காயிதம் நவுரும்" என்பது எங்கள் கிழவிகள் சொல்லும் வேதாந்தம். அரசியல் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாதவர்களுக்கும் இது தெரியும்.

அதனால்தான் போனில் ஒரு குரல், "உங்களுக்கு ரெண்டு லட்சம் லோன் சாங்ஷன் ஆயிடுச்சும்மா, ஃபைல் சார்ஜ் மட்டும் 1,250 கட்டிடுங்க" என்று சொல்லும்போது எங்கள் காதுக்கு அது வித்தியாசமாகப் படுவதில்லை. அந்த வாக்கியத்தை எங்களுக்குப் பழக்கியவன் மோசடிக்காரன் இல்லை. அவன் பிறப்பதற்கு முன்பே ஊரும் ஆபீசும் இடைத்தரகர்களும் பழக்கி வைத்துவிட்டார்கள். அவன் அறுவடை மட்டும் செய்கிறான். பேராசை பிடித்தவர்கள் ஏமாறுகிறார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை பேராசையால் ஏமாந்த ஆள் எங்கள் காலனியில் ஒருவரும் இல்லை. பழக்கத்தால் ஏமாந்தார்கள். வேறு கதவு திறக்காததால் ஏமாந்தார்கள்.

விழுப்புரம் பக்கம் ஒரு தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எம்.ஏ. தமிழ் படித்தவன். காலனியில் யாருக்கு என்ன காயிதம் வந்தாலும் அது கடைசியில் என் கைக்கு வரும். முன்பெல்லாம் கோர்ட் சம்மன், நகை ஏல நோட்டீஸ், பிள்ளைகளின் ஹாஸ்டல் கடிதம். இப்போது ஐந்தாறு வருஷமாகப் புதுவகைக் காயிதம் ஒன்று வருகிறது. செல்போனில் வந்த கடன் அனுமதிக் கடிதம். பிரின்ட் எடுத்துத் தரச் சொல்வார்கள். மேலே நான்கு சிங்கம். பக்கத்தில் பிரதமர் படம். கீழே ரிசர்வ் வங்கியின் பெயரில் வட்ட முத்திரை. நடுவில் நாம் டி.வி.யில் பார்த்த ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் பெயர், ஓர் எழுத்து கூடவோ குறையவோ. உண்மையான கடன் கடிதத்தில் இத்தனை முத்திரை இருக்காது. "காசு கட்டிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் கட்டிவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

எங்க சின்னம்மா பிரின்ட் எடுக்க வரவில்லை. 6,200 ரூபாய் கைமாத்து கேட்டு வந்தது. "இன்னாத்துக்கு சின்னம்மா?" என்றால் சொல்லவில்லை. "குடுத்துட்றன்டா, ரெண்டு நாள்ல ரெண்டு லட்சம் வருது" என்றது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

சின்னம்மாவுக்குக் கடன் எதற்கு என்று கேட்கலாம். மகள் நர்சிங் படிக்கிறாள். இரண்டாம் வருஷத்துக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். காலனியிலிருந்து முதல் முதலாக வெள்ளைக் கோட்டுப் போடப் போகிற பெண். இதற்காக ஒரு வங்கிக் கிளைக்கு இரண்டு தடவை போயிற்று. முதல் தடவை நிற்க வைத்தே அனுப்பினார்கள். இரண்டாவது தடவை கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க சிபில் சரியில்ல, போங்க" என்றார்கள். சிபில் என்றால் என்ன என்று சொல்லவில்லை. சின்னம்மா அதை ஏதோ வியாதியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது. "எனக்கு சிபிலு இருக்குதாம்டா" என்று என்னிடம் சொன்னது. சிரிப்பு வரவில்லை.

அந்த வியாதி எங்கே தொற்றியது என்பதைச் சொல்ல வேண்டும். வாரக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பத்துப் பேர் சேர்ந்து குழுக் கடன் எடுத்திருந்தார்கள். தலைக்கு 30,000. அடமானம் கிடையாது. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அதுதான் அடமானம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கட்டட வேலை இல்லை, செங்கல் சூளை இல்லை. ரிசர்வ் வங்கி அந்த ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிவைக்க அனுமதி கொடுத்திருந்தது. அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. தவணை கேட்கிற தம்பிதான் வந்து சேர்ந்தான். இரண்டு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாகப் பெங்களூருக்குப் போய்விட்டது. சின்னம்மா அவர்களுடைய பங்கையும் சேர்த்துக் கட்டியது. கட்டக் கட்டத் தன்னுடைய தவணை நின்றது. கடைசியில் கம்பெனி ஆள் வந்து, "மொத்தமா 5,000 குடுத்துடு, முடிச்சிக்கலாம்" என்றான். கொடுத்தது. முடிந்தது என்றுதான் அது நம்பியது. காயிதத்தில் அது முடியவில்லை. 'சமரசம் செய்து தீர்க்கப்பட்டது' என்று பதிந்தார்கள். முழுசாகக் கட்டி முடித்த கடனுக்கு ஒரு வார்த்தை, குறைத்து வாங்கி மூடிய கடனுக்கு வேறு வார்த்தை. இந்த இரண்டாவது வார்த்தை வருஷக்கணக்காகப் பின்னாலேயே வரும். மற்றவர்களுக்காகக் கட்டியவள் பேரில்தான் கறை.

சிபில் என்பது 2000இல் தொடங்கிய ஒரு கம்பெனியின் சுருக்கப் பெயர். 2005இல் இதற்கென்று சட்டமே வந்தது. இன்று இப்படி நான்கு கம்பெனிகள் இருக்கின்றன. யார் எவ்வளவு வாங்கினார்கள், எந்தத் தேதியில் கட்டினார்கள், எத்தனை நாள் தள்ளிக் கட்டினார்கள் என்று எழுதிவைப்பது இவர்கள் வேலை. 300லிருந்து 900 வரை மார்க் போடுவார்கள். இந்த மார்க்கில் சாதிக்கு என்று தனிக் கட்டம் கிடையாது. அதனால் இது நடுநிலையானது என்று சொல்லிக்கொள்கிறார்கள். சாதியைக் கேட்கவில்லைதான். ஆனால் சாதி செய்து வைத்ததை எல்லாம் எண்ணிப் பார்க்கிறது. மாசச் சம்பளம் இல்லாதவன் தேதி தவறாமல் எப்படிக் கட்டுவான்? அடமானம் வைக்க நிலம் எங்கே? 1892இல் வெள்ளைக்காரன் அரசாங்கம் எங்கள் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் யார் பட்டாவிலோ இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். நிலம் கையில் இருந்திருந்தால் குழுவை அடமானமாக வைத்துக் கடன் வாங்க வேண்டிய அவசியம் என்ன?

இந்த இடத்தில்தான் அந்தப் போன் வருகிறது. வங்கியில் 'போங்க' என்றதற்கு நான்காம் நாள். யார் யாருக்குக் கடன் மறுக்கப்பட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று சின்னம்மா கேட்டது. பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் கரண்ட் கம்பத்திலும் 'சிபில் தேவையில்லை, 30 நிமிடத்தில் லோன்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதிலிருந்த நம்பருக்கு மகள்தான் ஒரு மிஸ்டு கால் கொடுத்திருந்தாள். அதற்கும் மேலே, நம்முடைய நம்பர்கள் பட்டியல் பட்டியலாக விலைக்குப் போகின்றன.

ஒன்பது நாளில் நடந்த கணக்கு இது. முதல் நாள் ஃபைல் சார்ஜ் 1,250. மூன்றாம் நாள், கடனுக்கு இன்ஷூரன்ஸ் போட வேண்டும், கடனோடு திரும்பி வந்துவிடும் என்று 2,800. ஐந்தாம் நாள், பிராசசிங் கட்டணம் 20,000 கடனில் கழித்துக்கொள்வோம், அதற்குண்டான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மட்டும் கையில் கட்ட வேண்டும் என்று 3,600. எட்டாம் நாள், நீங்கள் கொடுத்த அக்கவுன்ட் நம்பரில் ஓர் எண் தப்பு, பணம் ரிசர்வ் வங்கியில் நிற்கிறது, விடுவிக்க 4,500. மொத்தம் 12,150. களை எடுக்கப் போனால் நாளைக்கு 300 ரூபாய். நாற்பது நாள் குனிந்த முதுகு. கடைசித் தொகைக்குத் தோட்டை அடகு வைத்தது. கடன் வாங்கக் கடன் வாங்கியது. ஒன்பதாம் நாள் டி.டி.எஸ். என்று சொல்லி 6,200 கேட்டார்கள். அதற்குத்தான் என் கடைக்கு வந்தது.

நான்கு தடவையும் நான்கு பேருடைய பேருக்குப் பணம் போயிருக்கிறது. கம்பெனி பெயருக்கு ஒரு தடவைகூட இல்லை. மகள் செல்போனில் பார்த்தால் எல்லாம் தனி ஆட்களின் யு.பி.ஐ. நம்பர். "முதல் தடவையே சந்தேகம் வரலியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். சின்னம்மா சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "பேங்க்ல ஒருத்தரும் என்ன உக்காருன்னு சொல்லல. அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் 'சாப்டீங்களாம்மா'ன்னு கேட்டுட்டுத்தான் பேசும்."

பேசியது ஒரு சின்னப் பெண். நம் பக்கத்துத் தமிழ்தான் என்று சின்னம்மா சொன்னது. சென்னையிலேயே வாடகைக்கு மாடி எடுத்து, பெண்பிள்ளைகளை மாசச் சம்பளத்துக்கு வைத்து இப்படிப் பேச வைத்த போலி கால் சென்டர்களைப் போலீஸ் பிடித்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததைப் படித்தவர்களில் எத்தனை பேர் ஃபீஸ் கட்ட முடியாமல் படிப்பை விட்ட பெண்களோ. பணம் போய்ச் சேர்ந்த அக்கவுன்ட்டுகளும் அப்படித்தான். "உன் அக்கவுன்ட்ட எங்களுக்குக் குடு, மாசம் ரெண்டாயிரம் தர்றோம்" என்று நம் பையன்களிடம்தான் கேட்கிறார்கள். கேஸ் என்று வந்தால் முதலில் விலங்கு மாட்டுவது அந்தப் பையனுக்கு. மேலே இருக்கிறவன் பெயர் யாருக்கும் தெரியாது. சேரியைக் கொண்டே சேரியைப் பிடுங்குவது பழைய வித்தை, இப்போது செல்போனில் நடக்கிறது.

அன்றைக்கே 1930 என்ற நம்பருக்குப் போன் போட்டோம். இது இணையப் பண மோசடிக்கான மத்திய அரசின் உதவி எண். எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது என்று கேட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் போன அக்கவுன்ட்டை முடக்க முடியும். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். "கேட்டா குடுத்துடுவியா?" என்று ஓர் அதிகாரி கத்தினார். நான் மனுவை எழுதியே கொண்டு போயிருந்தேன். ரசீது வாங்காமல் வருவதில்லை என்று நின்றோம். கொடுத்தார்கள். கடைசியாகப் போன 4,500 மட்டும் முடக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மற்றது போனது போனதுதான். 4,500ம் இன்னும் கைக்கு வரவில்லை.

சின்னம்மா இதைச் சித்தப்பாவிடம் சொல்ல ஒரு மாசம் ஆனது. காலனியில் இன்னும் நாலைந்து வீட்டில் இதே மாதிரி போயிருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் ஏமாந்தோம் என்று மூடி வைத்திருக்கிறாள். திருடியவனுக்கு வெட்கம் இல்லை, பறிகொடுத்தவளுக்கு வெட்கம். இந்த வெட்கம்தான் அவனுக்கு முதலீடு. மோசடியைப் பற்றிப் பேசுவது என்றால் இந்த வெட்கத்தை உடைப்பதுதான் முதல் வேலை. அதற்காகத்தான் எங்கள் அம்பேத்கர் மன்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்களைக் கூட்டி உட்கார்ந்தோம். அங்கே பேசியதை இங்கேயும் எழுதுகிறேன். தோழர்கள் தங்கள் தங்கள் ஊரில் இதைப் பேச வேண்டும்.

கடன் கொடுக்கிறவன் கொடுப்பதற்கு முன்னால் கை நீட்ட மாட்டான். இதை ஒரு பழமொழி மாதிரி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வங்கிக் கட்டணம் என்பது உண்டு. அதைப் பெரும்பாலும் கடன் தொகையில் கழித்துக்கொள்வார்கள். சில நிறுவனங்கள் விண்ணப்பத்தோடு வாங்குவதும் உண்டு. ஆனால் அது கம்பெனியின் அக்கவுன்ட்டுக்குப் போகும், ரசீது வரும். தனி ஆளின் போன் நம்பருக்குப் போகாது. 2024 அக்டோபரிலிருந்து வட்டி, கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, நமக்குப் புரிகிற மொழியில், கையெழுத்துக்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அந்தத் தாளைக் கேளுங்கள். கேட்டவுடனே போனை வைத்துவிட்டால் அவன் யார் என்று தெரிந்துவிடும்.

'சிபில் பார்க்க மாட்டோம்' என்று சொல்வதே அடையாளம். பணத்தைக் கொடுக்கப் போகிறவன் அது திரும்புமா என்று பார்ப்பான். பார்க்க வேண்டாம் என்கிறவன் கொடுக்கப் போவதில்லை. முத்ரா கடன் என்று சொல்லி வருகிறவர்கள் அதிகம். 2015 ஏப்ரலில் வந்த திட்டம் அது. முத்ரா நிறுவனம் தனி ஆளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. அதற்கு ஏஜென்டும் கிடையாது. வங்கி மாதிரி கடன் கொடுக்கிற நிறுவனத்தில்தான் வாங்க வேண்டும். தொழிலுக்குத்தான் கொடுப்பார்கள். 50,000 வரை உள்ளதை சிசு என்பார்கள். தாட்கோ கடனும் அப்படித்தான். 1974இல் நமக்கென்று ஏற்பட்ட கழகம். மாவட்ட மேலாளர் அலுவலகத்துக்கு நாமே நேரில் போகலாம், ஆன்லைனில் நாமே மனுப் போடலாம். வாங்கித் தருகிறேன் என்கிறவனுக்கு அங்கே இடம் இல்லை.

கெட்டுப்போன மார்க்கைக் காசு வாங்கிக்கொண்டு கழுவித் தருகிறேன் என்று இன்னொரு கூட்டம் அலைகிறது. அதுவும் முன்பணக் கூட்டம்தான். அந்த நான்கு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு தடவை நம்முடைய முழு அறிக்கையைக் காசில்லாமல் தர வேண்டும், 2017இலிருந்து இந்த விதி இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். நாம் வாங்காத கடன் நம் பேரில் இருக்கலாம், கட்டிய கடன் கட்டாததாக இருக்கலாம். தப்பு என்று எழுதிக் கொடுத்தால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். கடனைக் குறைத்துக் கட்டி முடிக்கச் சொன்னால் அது எப்படிப் பதியப்படும் என்று முதலில் கேளுங்கள். முழுசாகக் கட்டினால் பாக்கி இல்லை என்று எழுதி வாங்காமல் விடாதீர்கள். ஆதார், பான் கார்டு, வெற்றுக் காசோலை, ஓ.டி.பி. எதையும் போனில் பேசியவனுக்கு அனுப்பாதீர்கள். பணம் போனபிறகு அதே கையெழுத்தில் உங்கள் பேரில் வேறு கடன் எழும்பும்.

இன்னொன்று. பட்டியல் சாதியினர் மனுவைக் கிளை மட்டத்திலேயே நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்மட்டத்தில்தான் நிராகரிக்கலாம், காரணத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆண்டுக்கணக்காக வங்கிகளுக்குச் சொல்லி வந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சான்றிதழுக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் கொடி பிடிக்கிற நாம் வங்கி வாசலை விட்டுவிட்டோம். வாயால் 'போங்க' என்று சொன்னதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருகிறோம். அந்தத் திரும்புகிற வழியில்தான் மோசடிக்காரன் நிற்கிறான். அவனை மட்டும் விரட்டினால் போதாது, 'போங்க' என்ற வார்த்தையை எழுத்தில் கேட்க வேண்டும்.

சின்னம்மா கேட்டது. கூட்டம் முடிந்த அடுத்த வாரம் அந்த வங்கிக் கிளைக்கே கல்விக் கடன் மனுவோடு போனோம். நான் வாய் திறக்கவில்லை. மேனேஜர் பழையபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். சின்னம்மா, "இல்லன்றத எழுதிக் குடுங்க சார். மேல அனுப்புங்க. காரணத்தையும் போட்டுக் குடுங்க" என்றது. அவர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார். "உக்காருங்க" என்றார். மனுவை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுத்தில்தான் வரும்.